நாற்பத்தொன்றாம் எண் வாசனை

அலாரம் ஐந்து நாற்பதுக்கு அடிக்கும். ஐந்து முப்பத்தெட்டுக்கே அவன் விழித்திருப்பான். இருந்தாலும் அடிக்கவிட்டுத்தான் நிறுத்துவான். பல் துலக்குவான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி ஒரு டம்ளர் தேநீருக்கு வேண்டிய பாலை ஊற்றிவிட்டு, மிச்சத்துக்குத் தலைமுடிக் கிளிப் ஒன்றை மாட்டிக் குளிர்பெட்டியில் வைப்பான். குளிப்பான். முந்தைய நாள் இரவே தேய்த்துவைத்த சட்டையைப் போடுவான். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் சீப்பு, பவுடர், ஒரு காலி சென்ட் பாட்டில். சீப்பை எடுப்பான், வாருவான், அதே இடத்தில் வைப்பான். பாட்டிலைத் தொட மாட்டான். ஆறு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

பதினோரு மாதமாக இதே வரிசை. அதற்கு முன்பும் ஏறக்குறைய இதேதான். அப்போது இரண்டு டம்ளர்.

அன்று சனிக்கிழமை. சட்டைப் பொத்தான் போடும்போதே கைபேசி அடித்தது. மச்சினி. அவள் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள்; போய்ச் சேர்ந்த அவன் மனைவி பெரியவள். சின்னவள் நர்ஸ். வேறொரு நாட்டில் வேலை கிடைத்து, மறுநாள் காலை விமானம்.

"மாமா, எழுந்தாச்சா?"

"ம்."

"இன்னைக்கு லீவு போடுங்க."

"எதுக்கு?"

"அக்கா போடுவாளே, அந்த சென்ட். அது ஒண்ணு வாங்கிட்டுப் போகணும். அவ சுடிதாரை எல்லாம் நுகர்ந்து நுகர்ந்து வாசனையே போயிடுச்சு. நேத்து எடுத்தா பீரோ வாசனைதான் வருது. நீங்கதானே வாங்கிக் கொடுத்தீங்க? உங்களுக்குத்தான் தெரியும் எதுன்னு."

அவன் கடைசிப் பொத்தானையும் போட்டான்.

"மாமா?"

"பேரு பாட்டில்லயே இருக்கே."

"அதான் நானே போய்ப் பார்த்தேன். அதே சதுர பாட்டில். ஆனா அது அக்கா வாசனை இல்ல. பதினோரு மணிக்கு அந்தப் பெரிய கடை வாசல்ல நிக்கறேன். வராம இருந்துடாதீங்க."

வைத்துவிட்டாள். பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டிருந்தது: "மாப்பிள்ளையைக் காலங்காத்தால ஏன்டி படுத்தறே?"

அது அவளுடைய வாசனையாக இருக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் ரொம்ப நாள் நினைத்திருந்தான்.

கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் இருவரும் பெரிய கடை ஒன்றில் வெறுமனே சுற்றினார்கள். குளிர்சாதனம் இலவசம் என்பதுதான் காரணம். சென்ட் பிரிவில் நின்ற பெண் அவள் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துவிட்டாள். சதுர பாட்டில், தங்கக்கோடு போட்ட வெள்ளைப் பெட்டி. பேருந்தில் வீடு வரும்வரை அவள் தன் மணிக்கட்டையே மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர், கையில் அடிபட்டதா என்று கேட்டார்.

அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "கல்யாண நாளுக்கு வாங்கித் தர்றேன்" என்றான்.

"இதையா? துணி தைக்கிறவன் பேரைப் போட்டு பாட்டிலை விக்கறான். சம்பளத்துல பாதியைக் கேக்கறான். வேண்டாங்க."

"வாங்கித் தர்றேன்னா வாங்கித் தர்றேன்."

வாங்க முடியவில்லை. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அதைச் சொல்லாமல், தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தான்.

அவனுக்கு அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை. மருந்துப் பெட்டி, சோப்புப் பெட்டி, சென்ட் பெட்டி எல்லாம் அங்கே அச்சாகும். அச்சாகி வரும் தாள்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பிழை பார்ப்பது அவன் பொறுப்பு. நிறம் விலகினால், எழுத்து மங்கினால், தங்கத்தாள் ஒட்டியது அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அந்தக் கட்டு முழுவதும் கழிவு. துண்டுதுண்டாக வெட்டிப் போட வேண்டும். அந்த வருடம் அந்தத் தையல்காரனின் பெட்டி அங்கேதான் அச்சானது. தங்கக்கோடு அரை மில்லி வலது பக்கம் நகர்ந்த ஒரு கட்டு வந்தது. வெட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

பாட்டில் சூப்பர்வைசர் கொடுத்தது. எல்லோரையும் இறுக்கிக்கொண்டே இருப்பதால் அவருக்கு 'ஸ்க்ரூ' என்று பெயர். அவர் மனைவி தீர்த்துவிட்டு அழகுக்கு வைத்திருந்த காலி பாட்டில். தெளிப்பான் திருகிக் கழற்றும் வகை. "காலி பாட்டிலை வச்சு என்னய்யா பண்ணப் போறே?" என்று கேட்டார். "மணி பிளான்ட்" என்றான்.

வாசனை வாங்கியது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஊசிக்காரரிடம். அவர் கடை ஒரு ஆள் அகலம். சுவர் முழுக்க அலுமினியக் குப்பிகள், குப்பிகளில் எண்கள். பெரிய பெயர்களின் நகல் எல்லாம் அங்கே எண்ணாக இருக்கும். ஊசி போடும் குழாயால் அளந்து, கொண்டுவரும் பாட்டிலில் ஏற்றித் தருவார். சதுர பாட்டிலைப் பார்த்ததும், "இது பதினேழு. பதினேழு தீர்ந்துடுச்சே தம்பி. திங்கட்கிழமை வரும்" என்றார். கல்யாண நாள் மறுநாள். "நாப்பத்தொண்ணு எடுத்துக்கோங்க. அந்த உயரமான பாட்டில் இருக்கு பாருங்க, அதோட நகல். இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியணும்னா நாய் மூக்கு வேணும்."

நாற்பத்தொன்றை ஏற்றிக்கொண்டான். சாப்பாட்டு இடைவேளையில் அச்சக இயந்திரத்திலேயே பெட்டியைக் கண்ணாடித்தாள் சுற்றிச் சூடுவைத்து ஒட்டினான். தைத்தவனே வந்து பார்த்தாலும் தன்னுடையது என்றுதான் சொல்வான்.

அவள் பிரித்தாள். பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேங்கப்பா" என்றாள். பாட்டிலை எடுத்து அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அடித்துக்கொண்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. டாக்டரம்மா கூட என்ன சென்ட் என்று கேட்டாராம். மாமியார் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை தையல்காரன் சென்ட்தான் வாங்கித் தர்றார்." கேட்டவர்கள் யார் அந்தத் தையல்காரன் என்று விசாரித்தார்கள்.

ஐம்பது மில்லி பாட்டில். தினமும் மூன்று தடவை அடித்தால் எத்தனை நாள் வரும்? இரண்டு வருடத்துக்குமேல் வந்தது. அவள் சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டான். ஏழு வருடமாக மற்றவர்களின் பிழையைப் பிடிக்கிற வேலை அவனுக்கு.

பதினோரு மணிக்குச் சின்னவள் கடை வாசலில் நின்றாள். கையில் துணிப்பை.

"சாப்டீங்களா?"

"ம்."

"பொய். வாங்க."

சென்ட் பிரிவில் இருந்தவள் வேறு பெண். காகிதப் பட்டைகளை விசிறிபோல் பிடித்திருந்தாள். சின்னவள் சதுர பாட்டிலையும் காட்டினாள், பக்கத்தில் இருந்த உயரமான பாட்டிலையும் காட்டினாள். "ரெண்டையும் கொடுங்க. எங்க அக்கா போட்டது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

சதுரம் முதலில். நுகர்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "அதே பாட்டில், மாமா. ஆனா இது வேற யாரோ பணக்காரப் பொம்பளை."

அவன் பட்டையை வாங்கி நுகர்ந்தான். பூவும் சோப்பும். ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஒன்றுக்குத்தான் அவள் பேருந்து முழுக்க மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள்.

விற்பனைப் பெண் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டினாள். "இதை மோந்து மூக்கைக் கொஞ்சம் கழுவிக்கோங்க மேடம்." பிறகு உயரமான பாட்டில்.

சின்னவள் நுகர்ந்தாள். அசையாமல் நின்றாள். மறுபடி நுகர்ந்தாள்.

"கிட்ட வருது. ரொம்பக் கிட்ட வருது. ஆனா அக்காகிட்ட பின்னாடி ஒரு கசப்பு இருக்கும், மாமா. கட்டிப்பிடிச்சா தொண்டையில கரகரன்னு நிக்கும். இதுல அது இல்லையே."

"அது தோலைப் பொறுத்தது மேடம்," என்றாள் விற்பனைப் பெண். "ஒரே சென்ட் ஒவ்வொருத்தர் தோல்ல ஒவ்வொரு மாதிரி மாறும். உங்க அக்கா தோல்ல அப்படி இருந்திருக்கும்."

கதவு திறந்துகிடந்தது. அவன் ஒரு தலையசைப்பில் அதன் வழியாகப் போய்விடலாம். ஆமாம், பிறகு இதற்கு மாறிவிட்டாள், மீந்ததைப் பழைய பாட்டிலில் ஊற்றிவைத்திருந்தாள் என்று சொன்னால் போதும். சின்னவள் நாளை விமானம் ஏறிவிடுவாள். தோலைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் சின்னவள். கண் கலங்கியிருந்தது. "அவ தோல் வாசனையும் சேர்ந்து. சரி, இதையே பில் போடுங்க." பைக்குள் கையை விட்டவள், பணப்பைக்கு முன்னால் வேறொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளைப் பெட்டி. மூலைகள் நைந்திருந்தன. "பேர் தெரியணுமேன்னு எடுத்துட்டு வந்தேன். அக்கா இதுல ஹேர்பின் போட்டு எனக்குக் கொடுத்திருந்தா."

விற்பனைப் பெண், அலமாரியிலிருந்த புதுச் சதுரப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "அதே பெட்டிதான் மேடம்."

அவன் பார்த்தான். பார்க்காமல் இருக்கப் பழகாத கண். ஒன்றில் கோடு நேராக இருந்தது. மற்றதில் அரை மில்லி வலது பக்கம்.

"இந்தப் பெட்டியைக் காட்டி அவ ஒரே சிரிப்பு," என்றாள் சின்னவள். "'இந்தத் தங்கக்கோடு நகர்ந்திருக்கு பாருடி, உங்க மாமா கண்ணுல இது பட்டா கட்டு முழுக்க வெட்டிப் போட்டுடுவார்'னு. எனக்கு எங்க தெரியுது? நேராத்தான் இருக்குன்னேன். 'தினமும் சோறு போடும்போது பாடம் கேட்டா உனக்கும் தெரியும்'னா."

"எப்போ சொன்னா?"

"நீங்க சென்ட் கொடுத்த கல்யாண நாளைக்கு மறுநாள். எதுக்கு?"

உண்மைதான். பாடம் எடுத்தவன் அவனே. பற்பசைப் பெட்டி, பிஸ்கட் உறை, ஊரார் கல்யாணப் பத்திரிகை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வெளிச்சத்தில் சாய்த்து, இங்கே பார் நகர்ந்திருக்கிறது, இங்கே பார் நகர்ந்திருக்கிறது என்று அவளுக்குக் காட்டியிருக்கிறான். போதும் சாமி, சோறு ஆறிப்போகுது என்பாள். ஆனாலும் பார்ப்பாள். உலகத்தில் அந்த அரை மில்லியைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே பெண்ணிடம் போய் அந்தப் பெட்டியைக் கொடுத்திருக்கிறான்.

விற்பனைப் பெண் பில் புத்தகத்தைத் திறந்தாள்.

"வேண்டாம்," என்றான். "இது இல்ல."

"என்ன மாமா?"

"வா. வேற கடை."

படியிறங்கும்போது சொல்லிவிட்டான். பெட்டி, ஸ்க்ரூ கொடுத்த பாட்டில், இயந்திரம், ஊசிக்காரர் எல்லாம். ஐந்தாறு வாக்கியம்தான் ஆனது. இரண்டு வருடப் பொய் ஒரு மாடிப் படிக்கட்டுக்குக்கூடப் போதவில்லை.

சின்னவள் நின்றுவிட்டாள்.

"டூப்ளிகேட்டா?"

"ம்."

"எங்க அம்மா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாங்க. நான் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். அக்கா அதை அடிச்சுக்கிட்டு ராணி மாதிரி போனா. அத்தனையும் பஸ் ஸ்டாண்ட் சென்ட்டா?"

"ம்."

"எல்லாத்துக்கும் ஒரு 'ம்' வச்சிருக்கீங்க, மாமா. அவளை எரிச்சுட்டு வந்த அன்னிக்கும் இதே 'ம்'தான்."

அவன் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். அவள் நான்கடி பின்னால் வந்தாள். பேருந்தில் தள்ளி உட்கார்ந்தாள்.

ஊசிக்காரர் கடை அப்படியே இருந்தது. அவருக்குத்தான் தலை நரைத்திருந்தது. அவன் அவரிடம் பதினேழும் நாற்பத்தொன்றும் பட்டையில் கேட்டான். பதினேழை நுகர்ந்து சின்னவள் பட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். நாற்பத்தொன்றை மூக்கருகே கொண்டுபோனாள்.

அவ்வளவுதான். கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டையை இரண்டு கையாலும் மூடி முகத்தோடு வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. நர்ஸ்கள் அப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது.

அவனுக்கும் காற்றில் அது வந்தது. பின்னால் இருக்கும் கசப்பு. மலிவான எண்ணெயின் கசப்பு. இத்தனை நாள் அது அவள் என்று நினைத்திருந்தான்.

"யாரும்மா? என்ன ஆச்சு?" என்று பதறிய ஊசிக்காரர், மேசையில் சின்னவள் வைத்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். எடுத்துத் திருப்பினார். "இந்தப் பெட்டியோட நாப்பத்தொண்ணு கேட்டு வந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு ஒண்ணுதான். இது அதோட பெட்டியாச்சே. உங்களுக்கு எப்படி வந்தது?"

சின்னவள் நிமிர்ந்தாள்.

"சதுர பாட்டிலைக் கொண்டுவந்து நாப்பத்தொண்ணு ஏத்திக்கிட்டுப் போகும். மூணு தடவையோ நாலு தடவையோ வந்திருக்கு. முதல் தடவை இந்தப் பெட்டியோட வந்துச்சு. 'இந்தக் கடையாங்க? மூடிக்குள்ள உங்க சீட்டு இருந்தது'ன்னுச்சு. பாட்டில் அழகு கெடக்கூடாதுன்னு நான் நம்பர் சீட்டை மூடிக்குள்ளதான் ஒட்டுவேன். ஃபோன் நம்பரும் இருக்கும். 'பதினேழு வந்திருக்கும்மா, இந்த பாட்டிலுக்கு அதுதான் சரி, மாத்தித் தரவா'ன்னேன். 'வேண்டாம், எங்க வீட்டுக்காரர் நாப்பத்தொண்ணு வாங்கியிருக்கார், அதையே ஊத்துங்க'ன்னுச்சு. நல்ல சிரிச்ச முகம். இப்ப ஒரு வருஷமா ஆளைக் காணோம். ஊர் மாறிடுச்சா?"

"ஆமா," என்றான் அவன்.

மூடிக்குள். பாட்டில், பெட்டி, கண்ணாடித்தாளின் மடிப்பு என்று எல்லாவற்றையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தவன் மூடிக்குள் பார்க்கவில்லை.

ஒரு சிறு குப்பியில் நாற்பத்தொன்றை ஏற்றிக்கொடுத்தார். சின்னவள் அதைத் துணிப்பையின் அடியில் ஒரு துவாலைக்குள் சுற்றிவைத்தாள். நிறுத்தத்தில் பேருந்து வரவில்லை. நின்றார்கள். அவள்தான் பேசினாள்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். உங்களுக்காக இல்ல. அவங்ககிட்ட மிச்சம் இருக்கறதே அந்தப் பெருமை ஒண்ணுதான்."

"சரி."

"அவளுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கடைசி நாள் காலையிலேருந்து."

அவள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அந்த நாட்களில் எல்லோரும் அவனைக் கேட்டார்கள். மாமியார் கேட்டார், டாக்டரம்மா கேட்டார், ஸ்க்ரூகூடக் கேட்டார். சாலையைக் கடக்கும்போது வண்டி மோதிச் செத்தவள் ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லவில்லை. ஆகவே காலையில் வீட்டில் சொன்னதைத்தான் கேட்டார்கள். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோங்க"ன்னா, என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிவைத்திருந்தான். அவள் சொன்னதுதான். ஆனால் அதற்கு முந்தைய வாரம் சொன்னது. சாகற அன்னிக்கும் புருஷன் நனையக்கூடாதுன்னு நெனச்ச மகராசி என்று மாமியார் அதை இன்றுவரை சொல்லி அழுகிறார்.

"அன்னிக்கு மழையே இல்ல, மாமா," என்றாள் சின்னவள். "ஆஸ்பத்திரி வாசல்ல நான் வெயில்ல நின்னேன். செருப்புகூடப் போடல. கால் கொப்பளிச்சுது. அப்பவே தெரியும் எனக்கு, நீங்க பொய் சொல்றீங்கன்னு. ஏதோ நல்லதுக்குன்னு விட்டேன். நாளைக்குப் போயிடுவேன். இப்பச் சொல்லுங்க. நிஜமா என்ன சொன்னா?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் பதில் சொல்லல. அதை முதல்ல சொல்லிடறேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். பஸ்ல போகும்போது கோவம்தான் வந்தது. எனக்குத் தெரியாம எத்தனை நாளா என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கான்னு கோவம். சாயங்காலம் வந்து சண்டை போடலாம்னு இருந்தேன்."

அன்று காலை ஆறு ஐம்பது. அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப். ஒரு கையால் சதுர பாட்டிலை எடுத்து அடித்தாள், காற்றுதான் வந்தது. குலுக்கிப் பார்த்துத் தட்டில் வைத்தாள். கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். கோபம் எதுவும் இல்லை. பால் தீர்ந்துபோயிற்று என்று சொல்வதுபோல், கண்ணாடியில் அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பாட்டில் காலி. இந்தத் தடவை நீங்களே வர்ற வழியில நாப்பத்தொண்ணு ஊத்திட்டு வந்துடுங்க. பெட்டி வேண்டாம்."